சைபர் போட்ட கை

அத்தியாயம் 9

நேர்மையைப் பற்றி யாராவது அரை மணி நேரம் விடாமல் பேசினால், கேட்டுக்கொண்டிருக்கிற அத்தனை பேருக்கும் திருட்டு முழி வந்துவிடும். அன்றுவரை இது எனக்குத் தெரியாது. நகராட்சிக் கூட்ட அறையின் கடைசி வரிசையில் புரொஜெக்டரைக் கவனித்துக்கொண்டு உட்கார்ந்திருந்த எனக்கே உள்ளங்கை வியர்த்துவிட்டது. கணக்குப் பிரிவு ஆள் கூரையைப் பார்த்தார். வரிப் பிரிவு ஆள் தன் செருப்பைப் பார்த்தார். கவுன்சிலர் ஒருவர் தண்ணீர் குடித்த டம்ளரையே மறுபடி மறுபடி குடித்துக்கொண்டிருந்தார். அது காலியாகி வெகு நேரம் ஆகியிருந்தது. ஒரே ஒரு குற்றவாளியைத் தேடி வந்த இடத்தில் அறை முழுக்கக் குற்றவாளி முகங்கள்.

மேடையில் பேசிக்கொண்டிருந்தவர் என் அத்தான், அதாவது என் அக்கா புருஷன். தொழில், துப்பறிவது. அன்றைக்கு மட்டும் ‘நேர்மைப் பயிற்சியாளர்’ என்று சட்டையில் ஓர் அட்டையைக் குத்திக்கொண்டிருந்தார். பொய்ப் பெயரில், பொய் உத்தியோகத்தில் வந்து நின்றுகொண்டு, எதையும் மறைக்கக் கூடாது என்று வகுப்பெடுக்கிற மனிதரை நான் அப்போதுதான் முதல் தடவையாகப் பார்த்தேன். கமிஷனரைத் தவிர வேறு யாருக்கும் விஷயம் தெரியாது.

முந்தின அத்தியாயங்களைத் தவறவிட்டவர்களுக்குக் கதையைச் சுருக்கிச் சொல்லிவிடுகிறேன். நகரத்துப் பூங்காக்கள் எல்லாவற்றுக்கும் ஊஞ்சல் போட்டுப் பராமரிக்க டெண்டர் விட்டிருந்தார்கள். கடைசிச் சுற்றில் நின்றவர்கள் இரண்டே பேர். ஒன்று பெரிய கம்பெனி. இன்னொன்று ஒரு பெண் தானே முகமூடி போட்டுக்கொண்டு வெல்டிங் செய்து நடத்துகிற சின்னப் பட்டறை. இருவரும் நகராட்சியின் பின்பக்க முற்றத்தில் மாதிரிக்கு ஓர் ஊஞ்சலை நட்டுக் காட்ட வேண்டும். ஐந்து பேர் கமிட்டி உட்கார்ந்து ஆடிப் பார்த்து, பத்துக்கு மார்க் போட வேண்டும்.

மார்க் போடும் சீட்டில் பெயர் எழுதக் கூடாது. கூட்டி முடித்த கையோடு சீட்டுகளைக் கிழித்துப் போட்டுவிடுவார்கள். எப்போதோ மார்க் குறைத்தவரை ஒரு புண்ணியவான் வீடு தேடிப் போய் மிரட்டியதால் வந்த ஏற்பாடு அது. ஆகவே எந்தக் கை என்ன போட்டது என்பது அந்தக் கைக்கு மட்டும்தான் தெரியும். பெரிய கம்பெனிக்கு ஒருவர் மட்டும் எட்டு போட, மற்றவர்கள் ஏழு ஏழாகப் போட்டிருந்தார்கள். பட்டறைக்கு மூன்று ஒன்பது, ஓர் எட்டு, ஒரு சைபர். ஒரே ஒரு மார்க்கில் பெரிய கம்பெனி ஜெயித்தது.

மறுநாள் கமிஷனருக்கு ஒரு மொட்டை போன். கைக்குட்டைக்குள்ளிருந்து வந்த குரல், ஆணா பெண்ணா என்று தெரியவில்லை. ‘கமிட்டியில் ஒருவருக்கும் டெண்டர் கேட்டவருக்கும் உறவு இருக்கிறது, மறைத்துவிட்டார்’ என்று சொல்லிவிட்டு, வைக்காமல் லைனிலேயே நின்றிருக்கிறது. கமிஷனர் எழுதி முடிக்கும்வரை பொறுத்திருந்து, “பதிவு பண்ணிட்டீங்களா? புகார் நம்பர் சொல்லுங்க” என்று கேட்டு வாங்கிக்கொண்ட பிறகுதான் போனை வைத்திருக்கிறது. இதைக் கமிஷனர் எங்களிடம் சொன்னபோது நான் விழுந்து விழுந்து சிரித்தேன். மொட்டை போன் போட்டு ரசீது கேட்கிற ஆளை யார் பார்த்திருக்கிறார்கள்? அத்தான் மட்டும் சிரிக்கவில்லை. அதற்காக அவருக்கு அப்போதே எல்லாம் புரிந்துவிட்டது என்று நினைக்க வேண்டாம். அவர் பொதுவாகவே என் நகைச்சுவைக்குச் சிரிக்க மாட்டார்.

வகுப்பு நடந்த அன்றேதான், அதே அறையில், ஒப்பந்தத்தில் கையெழுத்து. ஆகிவிட்டால் ஆனதுதான். அந்தப் பட்டறைப் பெண் கையில் இருந்த மற்ற வேலைகளையெல்லாம் திருப்பி அனுப்பிவிட்டு இந்த ஊஞ்சலையே கட்டிக்கொண்டு கிடந்தவள். இது போனால் பட்டறையைப் பூட்டுவதைத் தவிர வேறு வழியில்லை என்று கமிஷனரிடமே வந்து சொல்லிவிட்டுப் போயிருந்தாள்.

நாங்களோ ஒரு வாரமாகக் கமிட்டித் தலைவரான வெள்ளைச் சட்டை கவுன்சிலரின் பின்னால் நாய் மாதிரி அலைந்திருந்தோம். மனிதருக்கும் பெரிய கம்பெனிக்கும் ஏதாவது ஒட்டோ உறவோ இருக்கும் என்று சத்தியம் செய்யாத குறையாக நம்பினேன். கடைசியில் நாங்கள் கண்டுபிடித்தது, அவரும் கம்பெனி மேனேஜரும் ஒரே கடையில் முடி வெட்டிக்கொள்கிறார்கள் என்பதை.

அன்று காலை வகுப்புக்கு முன்னால் அத்தான் என்னை அந்தப் பின்பக்க முற்றத்துக்குக் கூட்டிக்கொண்டு போனார். சுற்றிலும் உடைந்த மேஜைகளும் பழைய குப்பை வண்டியின் சக்கரங்களும் கிடக்க, நடுவில் இரண்டு ஊஞ்சல்கள் நின்றன. ஒன்று பளபளவென்று நீலம். இன்னொன்று சாதாரணப் பச்சை.

“எதுல உக்காருவே?” என்றார் அத்தான்.

நான் நீலத்தில் உட்கார்ந்து ஓர் ஆட்டு ஆட்டினேன். சங்கிலி போட்ட சத்தத்தில் மதில் மேல் இருந்த காகம் பறந்துபோனது. எழுந்து பச்சையில் உட்கார்ந்தேன். சத்தமே இல்லை. முதுகுக்கு ஒரு வளைவு, தொடை உரசாதபடி விளிம்பை உள்பக்கம் மடித்துவிட்ட பலகை, விரல் மாட்டாதபடி ரப்பர் உறை போட்ட சங்கிலி. எழுந்திருக்க மனசே வரவில்லை.

“இதுல என்ன சந்தேகம்? எனக்கு இருக்கிறது ஒரே ஒரு இடுப்பு” என்றேன்.

கீழே பார் என்றார். பச்சை ஊஞ்சலின் அடியில் கால் ஊன்றி ஊன்றி மண் குழியாகிக் கிடந்தது. பலகையின் பெயிண்ட் உட்கார்ந்தே தேய்ந்திருந்தது. நீல ஊஞ்சலின் பலகையில் காக்கை எச்சம், அதுவும் காய்ந்துபோனது. நகராட்சி ஊழியர்கள் சாப்பாட்டு வேளையில் முறை வைத்து உட்காருவது எதில் என்று கேட்கவே வேண்டியதில்லை.

“ஊரே உக்கார்ற ஊஞ்சலுக்கு ஒருத்தர் சைபர் போட்டிருக்கார். நாம ஒரு வாரமா, ஜெயிச்சவனுக்கு யார் சாதகம் பண்ணினாங்கன்னு தேடினோம். ஜெயிச்சவனுக்கு யாருமே சாதகம் பண்ணலடா. ஏழுங்கறது சும்மா போடற மார்க்கு. இவளுக்குத்தான் யாரோ பாதகம் பண்ணியிருக்காங்க” என்றார்.

அப்படியானால் இவளுடைய எதிரியைத் தேட வேண்டும் என்றேன். மொட்டை போன் உறவு என்றுதானே சொன்னது என்றார் அவர். உறவுக்காரர் எங்காவது சைபர் போடுவாரா என்று கேட்டேன். அத்தான் என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, “உன் அக்கா என் சமையலுக்கு எத்தனை போடுவா?” என்றார். சைபர்தான் என்று எனக்குத் தெரியும்.

அப்போது ஊழியர்கள் ஒவ்வொருவராக வேலைக்கு வந்துகொண்டிருந்தார்கள். பின் கேட் வழியாக நுழைந்து முற்றத்தின் குறுக்கே நடந்தால் நேரே மாடிப்படி. எல்லோரும் அப்படித்தான் போனார்கள். ஒரே ஒரு அம்மாள் மட்டும் பின் கேட் வரைக்கும் வந்து, உள்ளே ஒரு பார்வை பார்த்துவிட்டு, கட்டடத்தை முழுசாகச் சுற்றிக்கொண்டு முன் வாசலுக்குப் போனார். பூங்காப் பிரிவின் தலைமை அதிகாரி. கமிட்டியில் ஒருவர். ஊழியர்கள் அவருக்கு வைத்த பெயர் ‘நெருப்பு மேடம்’. ஆபீஸ் வேலைக்கு ஒரு பேனா, சொந்த வேலைக்கு ஒரு பேனா என்று தனித்தனியாக வைத்திருப்பவர். வருஷா வருஷம் நடக்கும் நேர்மைப் பரீட்சையில் அவர்தான் முதல். குறுக்கு வழியில் நடந்துகூடப் போக மாட்டார் போலிருக்கிறது என்று நான் கிண்டலடித்தேன். பெரிய ஹாஸ்யம் செய்துவிட்ட திருப்தி வேறு எனக்கு.

இனி வகுப்புக்கு வருவோம். அத்தான் அரை மணி நேரம் பேசி எல்லோர் முகத்தையும் தொங்கப் போட வைத்த பிறகு, இப்போது ஒத்திகை என்று அறிவித்தார். ஆளுக்கு ஒரு துண்டுச் சீட்டை நான் கொடுத்துக்கொண்டு போனேன். ஒவ்வொன்றிலும் ஒரு கற்பனை உறவும் ஒரு தொழிலும். சித்தப்பா, குழாய்க் கடை. மாமனார், சிமெண்ட் ஏஜென்சி. இப்படி. அத்தான் கமிட்டிக் கூட்டம் நடத்துகிற மாதிரி ஒவ்வொரு விஷயமாகப் படிப்பார். உங்கள் சீட்டில் இருக்கிற உறவு வந்தால் உடனே எழுந்திருக்க வேண்டும், நாற்காலியை உள்ளே தள்ள வேண்டும், “எனக்குச் சம்பந்தம் இருக்கு, விலகிக்கறேன்” என்று சத்தமாகச் சொல்லிவிட்டு வெளியே போய்க் கதவைச் சாத்த வேண்டும். பிறகு கூப்பிட்டதும் உள்ளே வரலாம்.

முதல் சுற்றில் எல்லோருக்கும் கூச்சம். கணக்குப் பிரிவு ஆள் வெளியே போனவர் திரும்பி வரவே இல்லை. போய்ப் பார்த்தால் வராந்தாவில் போன் பேசிக்கொண்டிருந்தார். இரண்டாவது சுற்றில் கொஞ்சம் சூடு பிடித்தது. மூன்றாவதில் அத்தான் வேகத்தைக் கூட்டினார். படிக்கப் படிக்க நாற்காலிகள் சர் சர்ரென்று உள்ளே போயின, கதவு திறந்து மூடியது, பள்ளிக்கூடப் பிள்ளைகள் மாதிரி சிரிப்பு. வெள்ளைச் சட்டை கவுன்சிலர் இரண்டு தடவை தப்பாக எழுந்து இரண்டு தடவையும் கைத்தட்டல் வாங்கினார். நெருப்பு மேடத்தின் முறை வந்தபோது மட்டும் யாரும் சிரிக்கவில்லை. அப்படி ஓர் அச்சுப் பிசகாத விலகல். கதவைக்கூட ஓசையில்லாமல் சாத்தினார்.

நாலாவது சுற்றுக்கு வேறு சீட்டுகள் கொடுத்தேன். அதை எழுதியவன் நான் என்பதால் எனக்குத் தெரியும்: அந்தச் சுற்றில் எந்தச் சீட்டிலும் ஊஞ்சல் என்ற வார்த்தையே கிடையாது.

அத்தான் மூச்சுவிடாமல் படித்தார். சாலைத் தார், மச்சான். எழுந்தார் ஒருவர். ஊஞ்சல், அண்ணி. யாரும் எழவில்லை. குப்பை வண்டி, மருமகன். எழுந்தார் ஒருவர். ஊஞ்சல், பெரியப்பா மகன். யாரும் இல்லை. பள்ளிப் பெஞ்சு, மாமா. எழுந்தார். ஊஞ்சல், தங்கச்சி.

ஒரு நாற்காலி உள்ளே போனது.

நெருப்பு மேடம் எழுந்து நின்றிருந்தார். “எனக்குச் சம்பந்தம் இருக்கு, விலகிக்கறேன்” என்றார். நேராக நடந்து கதவுப் பிடியில் கை வைத்த பிறகுதான், மற்றக் கையில் இருந்த சீட்டைப் பார்த்தார். அதில் இருந்தது ‘தம்பி, தெருவிளக்கு’.

அறை கொல்லென்று சிரித்தது. நெருப்பே தப்பு பண்ணிட்டாங்கப்பா என்று வரிப் பிரிவு ஆள் சொல்ல, எல்லோரும் கை தட்டினார்கள். வாழ்நாளில் அவர் செய்து அவர்கள் பார்த்த முதல் தவறு அது. சந்தோஷப்படாமல் என்ன செய்வார்கள்? நானும் சேர்ந்து சிரித்தேன். அவர் திரும்பி வந்து, நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தபோது முகத்தில் ரத்தமே இல்லை. அதைப் பார்த்ததும் என் சிரிப்பு பாதியில் நின்றுவிட்டது. அத்தான் ஒன்றும் நடக்காதது போல அடுத்ததைப் படித்தார். ஆனால் அவர் குரல் இறங்கியிருந்தது. கொக்கியில் மீன் மாட்டியும் சந்தோஷப்படாத அத்தானை அன்றைக்குப் பார்த்தேன்.

தேநீர் இடைவேளையில் மேடம் மாடிப்படித் திருப்பத்தில் எங்களுக்காகக் காத்திருந்தார். நாங்கள் தேடிப் போக வேண்டிய அவசியமே வரவில்லை.

“நீங்க பயிற்சியாளர் இல்லைன்னு வகுப்பு ஆரம்பிச்சதுமே தெரிஞ்சுபோச்சு. எந்த வகுப்பா இருந்தாலும் முதல் வேலையா வருகைப் பதிவு எடுக்கணும். நீங்க எடுக்கல” என்றார் அவர்.

அத்தான் அட்டையைச் சட்டையிலிருந்து கழற்றிப் பையில் போட்டுக்கொண்டு, தான் யார் என்று சொன்னார். பிறகு, தங்கை உண்டா என்று கேட்டார். உண்டு என்றார் மேடம். தங்கை என்ன செய்கிறாள் என்று கேட்டதற்கு அவர் படிக்கட்டின் ஜன்னல் வழியாகக் கீழே பார்த்தார். முற்றத்தில், காக்கிச் சட்டை போட்ட ஒரு பெண் கைப்பையிலிருந்து ஸ்பானர்களை எடுத்துப் பச்சை ஊஞ்சலின் அடியில் பரப்பிக்கொண்டிருந்தாள். தோற்றவர்கள் மாதிரிப் பொருளை அன்று மாலைக்குள் கழற்றிக்கொண்டு போய்விட வேண்டும் என்பது விதி.

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. “அப்ப நீங்க தங்கச்சிக்குப் பத்து போட்டீங்களா? ஆனா பத்தே யாரும் போடலையே” என்று உளறினேன்.

“சைபர் போட்டது நான்தான்” என்றார் மேடம்.

அதன் பிறகு அவர் சொன்னதை அப்படியே எழுத எனக்குக் கை வரவில்லை, சுருக்கமாகச் சொல்கிறேன். இருவரும் அக்கா தங்கை என்று அந்தக் கட்டடத்தில் ஒருவருக்கும் தெரியாது. தெரியக் கூடாது என்று வைத்ததே மேடம்தான். உத்தியோகம் கிடைத்த புதிதில் தங்கையைக் கூப்பிட்டு, நகராட்சி வேலை எதுவும் கேட்டு என் ஆபீஸ் வாசல் ஏறிவிடாதே என்று சொல்லியிருக்கிறார். அவளும் ஏறவில்லை. இத்தனை வருஷம் கழித்து, தன் கைவேலையை நம்பி, அக்காவிடம் ஒரு வார்த்தைகூடக் கேட்காமல் எல்லோரையும் போல டெண்டர் போட்டிருக்கிறாள். டெண்டர் கேட்டவர்களில் தங்கையைப் பார்த்த அன்றே மேடம் எழுந்து, சம்பந்தம் இருக்கிறது என்று சொல்லி விலகியிருக்க வேண்டும். சொல்லத்தான் நினைத்திருக்கிறார். சொன்னால், நெருப்பு மேடத்தின் தங்கையாம் என்று மற்றவர்கள் கூட இரண்டு மார்க் போட்டுவிடுவார்களோ, நாளைக்கு ஊர் நெருப்பும் புகைகிறது என்று பேசுமோ என்று பயம். சொல்லாமல் இருந்துவிட்டார். இருந்ததற்குப் பரிகாரமாக, தான் பாரபட்சம் பார்க்கவில்லை என்று தனக்கே நிரூபித்துக்கொள்ள, சைபர்.

“அப்ப அது நேர்மைன்னுதான் நெனச்சேன். வீட்டுக்குப் போய்க் கை கழுவறப்பதான் தெரிஞ்சுது. இந்த டெண்டர்ல லாபம் பார்த்தது நான் ஒருத்திதான் சார். என் பேரைக் காப்பாத்திக்கிட்டேன். அதுக்கு அவ பட்டறையைக் கொடுத்துட்டேன்.”

அத்தான் முழுக்கக் கேட்டுக்கொண்டார். பிறகு மிக மரியாதையாக ஒரு கேள்வி கேட்டார்.

“புகார் நம்பர் ஞாபகம் இருக்கா மேடம்?”

எனக்கு ஒன்றும் புரியவில்லை. மேடத்துக்குப் புரிந்தது. மனப்பாடம் ஒப்பிப்பதுபோல நீளமான ஓர் எண்ணைச் சொன்னார். நான் பையிலிருந்து கேஸ் அட்டையை எடுத்துச் சரிபார்த்தேன். ஓர் இலக்கம்கூடப் பிசகவில்லை.

தன்னைப் பற்றித் தானே மொட்டை போன் போட்டவர் அவர். அப்போதும் விதிப்படி புகார் எண் வாங்காமல் போனை வைக்க அவருக்கு மனம் வரவில்லை. அதைக் கேட்டுத்தான் நான் விழுந்து விழுந்து சிரித்திருந்தேன்.

“நேரா போய்ச் சொல்ல வாய் வரலை. யாராவது பிடிச்சுட்டாத் தேவலைன்னு போன் பண்ணினேன். மறுநாளே பிடிச்சுடுவீங்கன்னு நெனச்சேன்” என்றார். சொல்லிவிட்டு எங்களைப் பார்த்தார். அந்தப் பார்வையில் கோபம் இல்லை, இருந்திருந்தால் தேவலை. “நீங்க பாவம் அந்தக் கவுன்சிலர் பின்னாடி போயிட்டீங்க. அவர் மேல ஒரு தப்பும் இல்ல. அதைப் பார்த்துக்கிட்டுச் சும்மா இருந்த பாவமும் என்னைத்தான் சேரும்.”

எனக்கு நின்ற இடத்திலேயே பூமிக்குள் போய்விடலாம் போலிருந்தது. சந்தேகப்பட வேண்டாதவரைச் சந்தேகப்பட்டு ஒரு வாரத்தைத் தின்றது நாங்கள். பிடிபடக் காத்திருந்த ஒருவரை அத்தனை நாளும் தனியாக வேகவிட்டதும் நாங்கள்தான். போதாக்குறைக்கு இன்றைக்கு அவரை ஊர் சிரிக்க எழுந்து நிற்க வேறு வைத்தோம். அத்தானும் அதைத்தான் நினைத்திருக்க வேண்டும். வழக்கமாகக் குற்றவாளியிடம் கேட்கிற கேள்வியை, தன் குற்றத்துக்கு மன்னிப்புக் கேட்கிற குரலில் கேட்டார்.

“நான் சொல்லட்டுமா, நீங்களே சொல்றீங்களா?”

மேடம் படியேறினார்.

கையெழுத்துப் போடக் கமிஷனர் வந்து உட்கார்ந்திருந்தார். பெரிய கம்பெனி மேனேஜர் புதுப் பேனாவோடு தயாராக இருந்தார். ஒப்பந்தம் என்று கமிஷனர் ஆரம்பித்ததுமே மேடம் எழுந்தார், நாற்காலியை உள்ளே தள்ளினார்.

“எனக்குச் சம்பந்தம் இருக்கு. விலகிக்கறேன்.”

வரிப் பிரிவு ஆள் மறுபடி சிரிக்க வாயைத் திறந்து, அவர் முகத்தைப் பார்த்து மூடிக்கொண்டார். மேடம் தொடர்ந்து பேசினார்: பட்டறைக்காரி என் கூடப் பிறந்தவள், மறைத்தது நான், சைபர் போட்டதும் நான், அந்த ஊஞ்சலில் நான் உட்கார்ந்துகூடப் பார்க்கவில்லை. ஒவ்வொன்றையும் கோப்புக் குறிப்பு சொல்வதுபோல நிறுத்தி நிறுத்தி, எழுத நேரம் கொடுத்துச் சொன்னார். எழுதிக்கொண்டிருந்த குமாஸ்தாவின் பேனா பாதியில் நின்றது. எழுதுங்க என்று அவரே சொன்னார்.

கதவு ஓசையில்லாமல் சாத்திக்கொண்டது.

கமிஷனர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டு, கையெழுத்தை நிறுத்திவைப்பதாகச் சொன்னார். மேடத்தின் மார்க்குகள் இரண்டு பக்கத்திலும் ரத்து. மற்ற நாலு பேரும் இப்போதே கீழே போய் மறுபடி பார்த்து மார்க் போட வேண்டும். மேடத்தின் மேல் விசாரணை தனியாக நடக்கும், அதுவரை வேலைக்கு வரக் கூடாது. மேனேஜர் புதுப் பேனாவை மூடினார். முதலில் எழுந்தவர் வெள்ளைச் சட்டை கவுன்சிலர்தான். “அந்தப் பச்சை ஊஞ்சலுக்கு ஒம்பது போட்டவன் நான். தெனமும் மத்தியானம் அதுலதான்யா கண் அசர்றேன்” என்று முணுமுணுத்துக்கொண்டே போனார். ஒரு வாரம் அவர் பின்னால் அலைந்ததற்கு நான் மனசுக்குள் காலில் விழுந்தேன்.

அவர்கள் கமிஷனரிடம் சீட்டு வாங்கிக்கொண்டு வருவதற்குள் நானும் அத்தானும் முற்றத்துக்கு ஓடினோம். எங்களுக்கு அங்கே ஒரு வேலையும் இல்லை. இருந்தாலும் மேலே இருக்க முடியவில்லை.

பட்டறைக்காரி ஒரு பக்கத்து போல்ட்டை ஏற்கெனவே கழற்றி மண்ணில் வைத்துவிட்டு, அடுத்ததற்கு ஸ்பானரை மாட்டியிருந்தாள். மேடம் அவள் எதிரில், நிற்கத் தெரியாதவர்போல நின்றிருந்தார்.

“வாங்க மேடம்” என்றாள் தங்கை, நிமிராமல். “ஆபீஸ்ல அக்கான்னு கூப்பிடக் கூடாதில்ல.”

“கழட்டாதடி. மறுபடி மார்க் போட வர்றாங்க. நான் எல்லாத்தையும் சொல்லிட்டேன். அந்த சைபர்...”

“நீதான்னு தெரியும்.”

  அத்தான் மெதுவாகக் கண்ணை மூடிக்கொண்டார். ஒரு வாரம், ஒரு பொய் வகுப்பு, ஒரு மூட்டை துண்டுச் சீட்டு. இவ்வளவும் இல்லாமல் இவளிடம் ஒரு வார்த்தை கேட்டிருந்தால் போதும்.

“வேற யாராயிருந்தாலும் ரெண்டோ மூணோ போட்டிருப்பாங்க. சைபர் போடறதுக்குச் சொந்தமா இருக்கணும்” என்றாள். குரல் உயரவில்லை. “நட்ட அன்னிக்கு நான் கேட்டுக்கு வெளியில நின்னு பார்த்துக்கிட்டுத்தான் இருந்தேன். நாலு பேரும் உக்காந்து ஆடினாங்க. நீ மட்டும் கிட்டயே வரல. உனக்குப் புடிக்கலைன்னாக்கூட எனக்கு ஆறிப்போயிருக்கும்க்கா. நீ பார்க்கவே இல்ல.”

தன் மேல் இரக்கப்பட்டு யாரும் மறுபடி மார்க் போட வேண்டாம், எடுத்துக்கொண்டு போய்விடுகிறேன் என்றாள். சொல்லிக்கொண்டே ஸ்பானரை அழுத்தினாள். மாடிப்படியில் நாலு பேர் இறங்கி வருகிற சத்தம் கேட்டது. அவள் கழற்றிவிட்டால் அவர்கள் பார்க்க ஒன்றும் இருக்காது. நான் அத்தானைப் பார்த்தேன். ஏதாவது சொல்லுங்கள் என்று கண்ணால் கெஞ்சினேன். அவர் மாட்டேன் என்று தலையை ஆட்டினார். அது எங்கள் வேலை இல்லை.

மேடம் குனிந்து, தன் சேலைத் தலைப்பால் பலகையின் மண்ணைத் தட்டிவிட்டு, ஒரு பக்கம் போல்ட் இல்லாத அந்த ஊஞ்சலில் உட்கார்ந்தார். அது ஒரு பக்கமாகச் சாய்ந்தது. தங்கை ஸ்பானரைப் போட்டுவிட்டுச் சட்டென்று கையால் தாங்கிப் பிடித்தாள். அவள் கைதான் போல்ட்டாக இருக்க, மேடம் மெல்ல முன்னால் போய்ப் பின்னால் வந்தார். சத்தமே இல்லை.  கண்ணில் தண்ணீர் முட்டியது.

“எப்படி இருக்கு?” என்றாள் தங்கை.

மேடம் தலையை மட்டும் ஆட்டினார்.

“எத்தனை போடுவே?”

நாலு பேரும் முற்றத்துக்கு வந்து, எங்கே நிற்பது என்று தெரியாமல் ஓரமாக நின்றார்கள். மேடம் அவர்களைப் பார்த்தார், பிறகு தங்கையைப் பார்த்தார்.

“நான் போடக் கூடாதுடி. இது என் தங்கச்சி பண்ணினது.”

எல்லோருக்கும் கேட்கும்படியாகத்தான் சொன்னார். தங்கை ஒரு கையால் ஊஞ்சலைத் தாங்கிக்கொண்டே குனிந்து, மண்ணில் கிடந்த போல்ட்டை எடுத்துச் சட்டையில் துடைத்தாள். அதை இருந்த இடத்திலேயே வைத்து, மறுபடி முறுக்க ஆரம்பித்தாள்.